பழைய புராஜெக்டில் என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால் நோட்-ஜிப் பிழை வருகிறது. எப்படிச் சரிசெய்வது?

உங்கள் நிலைமை இதுதானே? பழைய புராஜெக்ட் ஒன்றைப் புது விண்டோஸ் லேப்டாப்பில் இறக்கி, ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் 24 நிறுவி, அதோடு வரும் பேக்கேஜ் நிறுவியான என்பிஎம்மில் இன்ஸ்டால் கொடுத்தீர்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்த உதவும் பெட்டர்-எஸ்க்யூலைட்3 பேக்கேஜில் வந்து நின்றுவிட்டது. நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை அழித்துப் பார்த்தீர்கள், கேஷைக் காலிசெய்தீர்கள், விஷுவல் ஸ்டுடியோவையும் நிறுவினீர்கள். பிழைச் செய்தி மாறியதே தவிர, பிழை போகவில்லை.

இனி எதையும் நிறுவாதீர்கள். திரையின் கடைசி வரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மேலே போய் அந்தப் பேக்கேஜின் பெயர் முதன்முதலில் வரும் இடத்திலிருந்து படியுங்கள். கடைசியில் சிவப்பாக நிற்பவை எல்லாம் "முடியவில்லை" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லும் வரிகள். காரணம் முதல் சில வரிகளில் இருக்கும்.

உங்களுக்கு அங்கே "நோ பிரீபில்ட் பைனரீஸ் ஃபவுண்ட்" என்றொரு எச்சரிக்கை இருக்கும். பக்கத்திலேயே நோட் பதிப்பு, செயலி வகை, இயங்குதளம் மூன்றும் எழுதியிருக்கும். (இயங்குதளம் "வின்32" என்று இருப்பதைப் பார்த்து 32 பிட் நோட் நிறுவிவிட்டோமோ என்று பதற வேண்டாம். 64 பிட் விண்டோஸையும் நோட் அப்படித்தான் குறிப்பிடும்.) பலர் தாண்டிப் போய்விடும் இந்த வரியில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

இத்தகைய பேக்கேஜ்களின் ஒரு பகுதி சி அல்லது சி++ மொழியில் எழுதப்பட்டிருக்கும். அதை ஒவ்வொரு கணினியிலும் கம்பைல் செய்யவேண்டியதில்லை (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றவேண்டியதில்லை) என்பதற்காக, பராமரிப்பவர்களே முன்கூட்டி கம்பைல் செய்த கோப்புகளை கிட்ஹப்பில் வைத்திருப்பார்கள். உங்கள் நோட் பதிப்புக்குப் பொருந்தும் கோப்பு கிடைத்தால் அது இறங்கிவிடும், வேலை முடிந்தது. கிடைக்காதபோதுதான், உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும் கருவியான நோட்-ஜிப் களத்தில் இறங்குகிறது. கடையில் மாவுப் பாக்கெட் தீர்ந்துபோனதால் வீட்டில் அரிசி ஊறவைத்து அரைக்கப் போவது போன்றது இது. கிரைண்டர் இருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. பைத்தான் இல்லை, விஷுவல் ஸ்டுடியோ இல்லை, மேக் என்ற பில்ட் கருவி இல்லை என்ற புலம்பல்கள் எல்லாம் அந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை.

ஆகவே கம்பைலரைத் தேடும் முன், கம்பைல் செய்யவேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேளுங்கள். பெட்டர்-எஸ்க்யூலைட்3 நோட்டுக்குள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8 இன்ஜினை நேரடியாகத் தொடுகிறது. அதனால் நோட்டின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் தனிக் கோப்பு வேண்டும். நோட் 20-க்கு உள் எண் 115, 22-க்கு 127, 24-க்கு 137. உங்கள் புராஜெக்டின் லாக் கோப்பில் (ஒவ்வொரு பேக்கேஜின் பதிப்பையும் குறித்துவைக்கும் கோப்பு) பதிந்திருப்பது, நோட் 24 வெளிவந்த 2025 மே மாதத்துக்கு முந்தைய பேக்கேஜ் பதிப்பு. அதற்கு 137 எண்ணுள்ள கோப்பு எப்படி இருக்கும்? நீங்கள் கம்பைலரை நிறுவிய பிறகும் தோற்றதற்குக் காரணமும் இதுவே. நோட் 24-இன் வி8, சி++20 தரத்தைக் கேட்கிறது. உள் அழைப்புகள் சிலவும் மாறியிருக்கின்றன. பழைய மூலநிரல் அதற்கு ஈடுகொடுக்காது.

வழிகள் இரண்டு. பேக்கேஜை மட்டும் புதிய பதிப்புக்கு உயர்த்துங்கள். நோட் 24-க்கான கோப்பு இறங்கிவிடும், கம்பைலரே தேவைப்படாது. அதற்கு முன் என்பிஎம் எல்எஸ் கட்டளையை, லாக் கோப்பை மட்டும் படிக்கச் சொல்லும் பேக்கேஜ்-லாக்-ஒன்லி விருப்பத்தோடு கொடுத்து, அதை யார் உள்ளே கொண்டுவந்தார்கள் என்று பாருங்கள். வேறொரு பேக்கேஜ் இழுத்துவந்திருந்தால் அந்தப் பேக்கேஜைத்தான் உயர்த்தவேண்டும். உயர்த்த முடியாத புராஜெக்ட் என்றால், அது எழுதப்பட்ட காலத்து நோட் பதிப்பை, பல நோட் பதிப்புகளை வைத்துக்கொள்ள உதவும் என்விஎம் மூலம் நிறுவி அதிலேயே ஓட்டுங்கள். லாக் கோப்பை அழித்துவிட்டு முயலுங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். தொல்லை தந்த ஒன்றோடு, ஒழுங்காக இருந்த நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களின் பதிப்பும் சேர்ந்து மாறிவிடும்.

பழைய நோட்டுக்குத் திரும்பும்போது இன்னொரு இடறல் காத்திருக்கலாம். "டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை" என்று பைத்தான் சொன்னால், உங்களிடம் இருப்பது 3.12 அல்லது அதற்குப் பிந்தைய பைத்தான். 2023 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பில் டிஸ்ட்யூட்டில்ஸை நீக்கிவிட்டார்கள். நோட் 16 போன்றவற்றோடு வரும் பழைய நோட்-ஜிப் அதைத்தான் நம்பியிருக்கிறது. பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் செட்டப்டூல்ஸை நிறுவினால் போதும்.

கம்பைல் செய்தே தீரவேண்டும் என்றால், விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸை நிறுவும்போது "டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி++" என்ற பெட்டியை டிக் செய்திருக்கவேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் நிறுவியவர்களுக்கும் "விஷுவல் ஸ்டுடியோ கிடைக்கவில்லை" என்றே வரும். உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியலும் பைத்தான் 3-உம், ஆப்பிள் மேக் கணினியில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் டூல்ஸும் பைத்தானும் போதும்.

நிறுவும்போது பிழையே இல்லாமல், ஓட்டும்போது "வேறொரு நோட் பதிப்பில் கம்பைல் செய்யப்பட்டது" என்று வந்தால் என்பிஎம் ரீபில்ட் கொடுங்கள், சரியாகிவிடும். நிரலைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் டோக்கரில் "இன்வேலிட் எல்ஃப் ஹெடர்" என்று வந்தால், உங்கள் கணினியின் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையும் உள்ளே நகலாகிவிட்டது. டோக்கர்இக்னோர் கோப்பில் அதன் பெயரைச் சேருங்கள். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் டோக்கர் இமேஜில் மட்டும் தோற்றால், சாதாரண லினக்ஸுக்கான கோப்புகள் அங்கே ஓடாது என்பதுதான் காரணம். ஆல்பைன் பயன்படுத்தும் அடிப்படை சி நூலகம் ஜிலிப்சி அல்ல, மஸ்ல். டெபியன் ஸ்லிம் இமேஜுக்கு மாறிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். இமேஜ் சற்றுப் பெரிதாகும், ஆனால் இந்தச் சண்டை இருக்காது. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் 10 பயன்படுத்துபவர்கள் கவனிக்கவேண்டியது: பேக்கேஜ்களின் நிறுவல் ஸ்கிரிப்டுகளை அது இயல்பாகவே ஓட்டாது. அப்ரூவ்-பில்ட்ஸ் கட்டளை மூலம் நாமே அனுமதி கொடுக்கவேண்டும்.

இதே புராஜெக்டில், சாஸ் கோப்புகளை சிஎஸ்எஸ்ஸாக மாற்றும் நோட்-சாஸும் இருந்தால் அதைக் காப்பாற்ற நேரம் செலவிடவேண்டாம். அதன் அடிப்படையான லிப்சாஸ் 2020-லேயே கைவிடப்பட்டுவிட்டது. சாஸ் என்ற பேக்கேஜுக்கு மாறினால் சி++ கம்பைல் என்ற பேச்சே இல்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், எந்த நோட் பதிப்பில் ஓடியது என்பதை பேக்கேஜ்.ஜேசன் கோப்பின் என்ஜின்ஸ் பகுதியில் எழுதிவிடுங்கள். அதை மட்டும் எழுதினால் என்பிஎம் எச்சரிப்பதோடு நின்றுவிடும். என்பிஎம்மின் அமைப்புகளை வைக்கும் என்பிஎம்ஆர்சி கோப்பில் என்ஜின்-ஸ்ட்ரிக்ட் என்பதை ட்ரூ என்று வைத்தால், பொருந்தாத நோட்டில் நிறுவல் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.