ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் முள் பொய் சொன்னால்?

ஏற்காடு ஏறும்போது உங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் முள் பாதியிலிருந்து சடாரென்று காலிக்கு விழுகிறது, சென்சாரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் டேங்கில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும், அதன் மேல் மிதந்து அளவைச் சொல்லும் மிதவையும் கூடவே போகும். அங்கே முள் கொஞ்சம் ஆடினால் தப்பில்லை. சேலத்துக்கு இறங்கி, சமதளத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திய பிறகும் தப்பாகக் காட்டினால்தான் கோளாறு.

பெரும்பாலான கார்களில் இந்தச் சென்சார், மிதவையோடு சேர்ந்த ஒரு மின்தடைப் பட்டைதான். வருடக்கணக்காக உரசி அந்தப் பட்டை ஓரிடத்தில் தேய்ந்துவிடும். முள் எப்போதும் அதே அளவில் குதித்தால் சந்தேகம் அங்கேதான். மெக்கானிக்கிடம் சொல்லி, மல்டிமீட்டர் வைத்து மிதவையை மெல்ல நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரில் ஓம் அளவு, அதாவது மின்தடை, சீராக மாற வேண்டும். அதற்கும் முன்னால் சென்சாரின் எர்த் ஒயரைப் பாருங்கள். துருப்பிடித்த எர்த்தைக் கவனிக்காமல் புது சென்சார் வாங்கியவன் நான்.

இன்னொன்று, பின்சக்கரம் இழுக்கும் கார்கள் சிலவற்றில் இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் நடுவே போவதால் டேங்க் குதிரைச் சேணம் மாதிரி இருபுறமும் தொங்கும், சென்சாரும் இரண்டு. ஒன்று செத்தால் அந்தப் பக்கத்துப் பெட்ரோல் கணக்கிலேயே வராது.

சரி, அதுவரை? டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, கிலோமீட்டர் கணக்கில் ஓட்டுங்கள். மலையில் மைலேஜ் குறையும். கால் டேங்குக்குக் கீழே விடவேண்டாம். உள்ளே இருக்கும் பம்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான்.