தொண்ணூறு பேரும் ஒரு செயலாளரும்

கேள்வி: தோட்டப் பிள்ளைகள் உயர்தரம் படிக்கப் புலமைப்பரிசில் கொடுக்கும் சிறிய சங்கம் எங்களுடையது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் தந்தவர்கள் 90 பேர்: கொழும்பு வியாபாரிகள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள். நான் பகலில் ஆசிரியர், மாலையில் செயலாளர். டிசம்பரில் எல்லாருக்கும் கடிதம் போடுகிறேன். வருடாவருடம் பலர் கழன்றுகொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், ஹற்றன்

பதில்: முதலில் பட்டியலைக் குறையுங்கள். நன்கொடையாளர்களோடு தொடர்பு வைத்திருப்பதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் மேலைநாடுகளில் 100 முதல் 150 பேர் வரை பார்க்கிறார்கள்; அதுவே மூச்சு முட்டும். வாரம் இரண்டு மாலைப்பொழுது கிடைக்கும் உங்களுக்கு 25 பேர் போதும். மற்றவர்களுக்குப் பற்றுச்சீட்டும் வருடம் இரண்டு அறிக்கையும் பொருளாளர் அனுப்பட்டும்.

அந்த 25 பேரைக் காசை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நண்பர் கேட்டதற்காக ஒரு தடவை 5 லட்சம் தந்த முதலாளியைவிட, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கேட்காமலே வருடந்தோறும் ஒன்றரை லட்சம் அனுப்புகிறவர் உங்களுக்குக் கிட்டியவர். ஆனால் சங்கமே திரண்டு போவது முதலாளியின் கடைக்குத்தான்!

ஒருவருக்கு ஒரு பக்கம் என்று கொப்பி போடுங்கள். கடைசியாக எவ்வளவு தந்தார், ஏன் தந்தார், யார் மூலம் அறிமுகம், என்ன பேசினோம். அடியில் அடுத்த வேலையும் அதன் திகதியும். ‘தொடர்புகொள்ள வேண்டும்’ என்று எழுதினால் நடக்காது. ‘மார்ச் 12: அவர் படித்த பாடசாலையின் பெறுபேற்றை அனுப்பி, மறுநாள் பேசுதல்’ என்று எழுதுங்கள். கொப்பி சங்கத்தின் அலுமாரியில் இருக்கட்டும். இல்லையென்றால், செயலாளர் மாறும்போது தொலைபேசி இலக்கங்களும் அவரோடு போய்விடும்.

உங்கள் கடிதம் கேட்பதற்கு மட்டுமே வருகிறது, பிழை அங்கேதான். ஒரு தடவை கேட்பதற்கு முன் மூன்று நான்கு முறையாவது எதையும் கேட்காமல் பேசியிருக்க வேண்டும். காசு வந்தால் இரண்டு நாளுக்குள் தொலைபேசியில் நன்றி. பெறுபேறு வந்ததும் சித்தியடையாத பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். மறைத்தால் ஊரிலிருந்து செய்தி எப்படியும் போய்விடும். பெற்றோர் சம்மதிக்காமல் பிள்ளையின் படத்தை அனுப்ப வேண்டாம்.

கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேளுங்கள்: ‘ஒரு பிள்ளைக்கு மாதம் 5,000 வீதம் 24 மாதம், 1,20,000 ரூபாய்.’ சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். மௌனம் தாங்காமல் ‘முடிந்ததைத் தாருங்கள்’ என்று நாமே குறைத்துவிடுவதுதான் அதிகம். ஒருவரிடம் ஒருவரே பேசட்டும். தலைவரும் நீங்களும் ஒரே மாதத்தில் தனித்தனியாகக் கேட்டால் அவருக்குச் சலித்துவிடும்; கோயில் திருவிழாப் பற்றுச்சீட்டும் அன்றைக்கே அவர் மேசையில் கிடக்கும். அரசாங்க வர்த்தமானியில் அங்கீகாரம் வராத சங்கமென்றால், வரிச்சலுகை கிடைக்கும் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள்.