எங்கட கதையும் தஞ்சாவூர்க் கதையும்

வணக்கம் அண்ணா,

அண்மையில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, ‘மெய்யழகன்’ இரண்டையும் பார்த்தேன். முதலாவது எங்கட ஈழத்துச் சனத்தின் கதை. ஆனால் சசிகுமாரும் சிம்ரனும் கதைக்கிற தமிழைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. நீங்கள் அதைக் கண்டிக்கவேயில்லை. ‘மெய்யழகன்’ என்ற தஞ்சாவூர்க் கதையைத்தான் தூக்கிப் பிடித்து எழுதியிருந்தீர்கள். ஏன்?

ஒரு வாசகர்,
மல்லாவி

வணக்கம் தம்பி,

பேச்சு பிசகியது உண்மைதான். ஈழத்தமிழரைக் காட்டிய ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002இல் வந்த காலம் தொட்டுக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, பொருளாதார நெருக்கடியால் ஒரு குடும்பம் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கள்ளமாகப் படகேறுகிறது என்று தொடங்கியது எனக்குப் பிடித்தது. 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற எங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் சென்னைத் தெருவுக்கு வந்த பிறகு, அங்குள்ளவர்களை நல்லவர்களாக்குவதுதான் அந்தக் குடும்பத்துக்கு வேலை. அவர்கள் விட்டுவந்த வீடு என் மனதில் பதியவேயில்லை. எனக்குக் குறை அதுதான், பேச்சு அல்ல.

‘மெய்யழகன்’ அருள் 1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போனவன். 22 வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன் அத்தான் அத்தான் என்று ஒட்டிக்கொள்கிறான். அருளுக்கு அவன் பெயர் ஞாபகம் வரவில்லை, கேட்கவும் கூச்சம். கிளிநொச்சிச் சந்தையில் இது எத்தனை பேருக்கு நடக்கிறது! போர் முடிந்தபோது சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருந்தவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை விசாரிப்பார். முகம் தெரியும், பெயர் வராது. நாமும் அருளைப் போலச் சமாளிப்போம்.

அப்புறம் அந்தச் சைக்கிள். அருள் விட்டுப்போன சைக்கிள் தன் குடும்பத்தை எப்படித் தூக்கிவிட்டது என்று அந்த ஒட்டிக்கொள்பவனாக வரும் கார்த்தி சொல்வார். 2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்கால்வரை உருட்டிக்கொண்டு போன சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு வந்த சனம் இதை எப்படிச் சும்மா பார்க்கும்? குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தவற்றில் ஏதாவது ஒன்றாவது யாருக்காவது உதவியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு நினைக்கத் தோன்றியது.

சரி, ‘மெய்யழகன்’ நீளம்தான். வெளிவந்த பிறகு ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள், இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். கடைக்குட்டியாக வரும் கமலேஷின் பகிடிக்காகவே நான் இன்னொருக்கால் பார்ப்பேன்.