வான்கோழி வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி? முதலில் லைசென்ஸைப் பாருங்கள்

டெக்சாஸ், ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எச்-1பி விசாவில் மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன். வரும் வசந்தத்தில் அலுவலக நண்பர்கள் மத்திய டெக்சாஸில் லானோ பக்கம் காட்டு வான்கோழி வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் சொந்தமாகத் துப்பாக்கி வாங்கலாமா? ஒரு நண்பர் .22 ரைஃபிள் (ஒற்றைக் குண்டு சுடும் சிறு துப்பாக்கி) போதும் என்கிறார். இன்னொருவர் 12 கேஜ் ஷாட்கன்தான் (பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி) என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

வாங்கலாம். ஆனால் கடை வாசலை மிதிக்கும் முன் வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதற்கு இருக்கும் சில விலக்குகளில் ஒன்றுதான் காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) பத்து நிமிடம் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் 'வைத்திருப்பது' கணக்கில்தான் வரும். பலருக்கு இது தெரிவதே இல்லை. (கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.)

இதில் நான் மிகவும் பயப்படுவது ஒரு தேதிக்கு. டெக்சாஸ் வருடாந்தர வேட்டை லைசென்ஸை எந்த மாதம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு அது முடிந்துவிடும். மார்ச்சில் எடுத்தவர், அடுத்த மார்ச் வரைக்கும் கவலையில்லை என்று இருந்துவிடுவார். செப்டம்பர் 1 காலையில் துப்பாக்கி அலமாரியில் அப்படியே இருக்கும், விலக்கு மட்டும் போயிருக்கும். மாட்டினால் கிரிமினல் வழக்கோடு நிற்காது, விசாவும் சேர்ந்து போகலாம். புது லைசென்ஸ் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும். போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். மனைவி எச்-4-ல் இருந்தால் அவருக்கும் இதே சட்டம்தான். அவர் கைக்கு எட்டாத, சாவி உங்களிடம் மட்டும் இருக்கிற பெட்டியில் பூட்டி வையுங்கள்.

1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். 17 வயது நிறைந்தவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். வான்கோழிக்கு லைசென்ஸோடு 'அப்லண்ட் கேம் பேர்ட்' (தரைவாழ் வேட்டைப் பறவைகள்) ஒப்புதலும் தனியாக வாங்க வேண்டும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். லானோ பக்கம் இருப்பது ரியோ கிராண்டே வகை வான்கோழி. அங்கே ரைஃபிளுக்குச் சட்டத்தில் தடையில்லை, அதனால் உங்கள் நண்பர் சொன்னது தப்பில்லை. கிழக்கு டெக்சாஸில் ஈஸ்டர்ன் வகை இருக்கும் கவுண்டிகளில் (மாவட்டங்களில்) ரைஃபிள் கூடாது, ஷாட்கன் அல்லது வில் அம்புதான். கவுண்டிக்குக் கவுண்டி விதி மாறும். மாநில வனவிலங்குத் துறையின் 'அவுட்டோர் ஆன்யுவல்' கையேட்டில் நீங்கள் போகும் கவுண்டியின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

சட்டம் இடம் கொடுத்தாலும் நான் ரைஃபிளை எடுக்கச் சொல்ல மாட்டேன். இந்த வேட்டையே பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை வரவழைப்பதுதான். அந்தக் குரலைக் கேட்டு இன்னொரு வேட்டைக்காரரும் வரலாம். அவரும் உங்களைப் போலவே இலைநிற உடையில் இருப்பார், கண்ணுக்குத் தெரிய மாட்டார். .22 தோட்டா குறி தவறினால் ஒரு மைலுக்கு மேலும் போகும். ஷாட்கனிலிருந்து சிதறும் சிறு குண்டுகள், அதாவது ரவை, சில நூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும்.

ஷாட்கனில் 12 கேஜா 20 கேஜா (கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறிது) என்றால், முதல்முறை வாங்குபவருக்கு 3 அங்குலத் தோட்டா போடும் 20 கேஜே போதும். எடை குறைவு, தோளில் உதைப்பதும் பெரும்பாலும் குறைவு. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுபவரிடம் 12 கேஜ் இருந்து என்ன பயன்? ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்ற, முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிகள் பல பத்தாண்டுகளாக உழைத்துப் பேர் வாங்கியவை. குழல் முனையில் திருகிப் பொருத்தி, ரவை அதிகம் சிதறாமல் நெருக்கும் சோக், 'ஃபுல்' அல்லது வான்கோழிக்கென்றே வரும் 'எக்ஸ்ட்ரா ஃபுல்' ஆக இருக்கட்டும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. வான்கோழியின் உடம்பைக் குறிவைக்கக் கூடாது. இறகும் தடித்த நெஞ்சுச் சதையும் ரவையைத் தாங்கிக்கொள்ளும். பறவை காயத்தோடு பறந்து, எங்கோ புதரில் கிடந்து சாகும். குறி தலையும் கழுத்தும்தான். அதற்கு ரவை நெருக்கமாக விழ வேண்டும். பெரிய தாளில் 10 அங்குல வட்டம் வரைந்து 40 கெஜத்தில் நட்டுச் சுடுங்கள். தாளைத் தரையில் விரித்து ஓட்டைகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்து எண்ணுங்கள். வட்டத்துக்குள் 100 ஓட்டை என்பது வேட்டைக்காரர்கள் காலம்காலமாக வைத்திருக்கும் கணக்கு. ஒரே சோக்கில் ஒரு கம்பெனியின் தோட்டா 60 ஓட்டை போடும், இன்னொன்று 120 போடும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது தெரியாது, தாள்தான் சொல்லும். 30 கெஜத்தில்தான் 100 வருகிறது என்றால் உங்கள் எல்லை 30 கெஜம். சேவல் 38-ல் நின்று எவ்வளவு கத்தினாலும் விசையில் விரல் போகக் கூடாது.

ரவையில் ஈயம் 4, 5, 6 எண்கள் (ரவையின் அளவைச் சொல்லும் எண்கள்) போதும். டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி. சின்ன ரவையும் ஆழமாக இறங்கும், விலையும் கூடுதல். முதல் வருடம் அந்தச் செலவு வேண்டாம். அந்தக் காசுக்கு ஈயத் தோட்டா வாங்கி இன்னும் பத்துத் தாளைச் சுடுங்கள்.

சுடும்போது சேவல் கழுத்தை நீட்டி நிற்கும்வரை பொறுங்கள். தோகை விரித்து நிற்கும்போது கழுத்து உள்ளே மடங்கியிருக்கும்.

அப்புறம், காட்டில் உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உண்டு. அதனால் இந்த நிறங்களில் எதையும் உடம்பில் வைத்துக்கொள்ள வேண்டாம். சட்டையை எல்லோரும் கவனிப்பார்கள், பாக்கெட்டிலிருந்து மூக்கு துடைக்க எடுக்கும் வெள்ளைக் கைக்குட்டையை மறந்துவிடுவார்கள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.