பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்த குரூப் எடுக்கலாம், பிளஸ் 1, பிளஸ் 2 படிப்பை எப்படித் திட்டமிடுவது?

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், அறிவியலில் ஆர்வம், கணிதத்தில் சுமார், டாக்டரா கம்ப்யூட்டரா என்று இன்னும் முடிவாகவில்லை, தனியார் பள்ளியில் ஆங்கில வழி ஃபர்ஸ்ட் குரூப்பில் (கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்) சேர்க்க நினைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

குரூப்பை விடப் பள்ளி மாற்றுவதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். குரூப்பையாவது முதல் சில வாரங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். அரசுப் பள்ளியை விட்டு வெளியேறினால் போவது போனதுதான். மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றில் 2021-லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கடைசி இரண்டு வருடம் தனியாரில் படித்தால் முந்தைய ஐந்து வருடமும் கணக்கில் வராது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் இதே கதிதான். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குத்தான். பயிற்று மொழிக்கும் ஒரு விலை இருக்கிறது: அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தோருக்கு உள்ள 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி தொடர்ந்திருக்க வேண்டும். பிளஸ் 1-இல் ஆங்கில வழிக்கு மாறினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால், அதற்காக மொழி மாற்ற வேண்டியதில்லை. பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் அவளுக்கு வேண்டிய குரூப் இல்லையென்றால் அடுத்த ஊர் அரசுப் பள்ளியைப் பாருங்கள். தனியார் பள்ளி கடைசி வழியாக இருக்கட்டும்.

இனி குரூப். பிளஸ் 2-வில் ஆறு பாடம், தலா 100, மொத்தம் 600. தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் உண்டு. மீதி நான்குதான் குரூப். அறிவியல் பக்கம் இயற்பியலும் வேதியியலும் எல்லாக் குரூப்பிலும் இருக்கும் என்பதால், நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை இரண்டே: கணிதம் வேண்டுமா, உயிரியல் வேண்டுமா?

கணிதத்தை விட்டால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு வழி பி.இ., பி.டெக். கிடையாது. என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாக விமானப்படை, கடற்படைக்கும் போக முடியாது. உயிரியலை விட்டால் எம்.பி.பி.எஸ்., பி.எஸ்சி. நர்சிங், கால்நடை மருத்துவம் எல்லாம் போய்விடும். பி.பார்ம்-க்கு மட்டும் இயற்பியல், வேதியியலோடு இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

ஒரு தவறான நம்பிக்கையைப் பல வீடுகளில் பார்க்கிறேன்: கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் பிளஸ் 2-வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாக வேண்டும் என்பது. அப்படி எந்த விதியும் இல்லை. பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணிதம் முழு 100, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி, அவ்வளவுதான். கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 82 என்றால் 88 + 38 + 41 = 167. நான்காவது பாடம் இதில் நுழையவே இல்லை. ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவளும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் போகலாம். உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவளுக்கு மருத்துவம் இல்லை.

அதற்காக எல்லோரும் ஃபர்ஸ்ட் குரூப் எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அறிவியல் குரூப்புகளில் அதுதான் கனமானது. உயிரியல் பெயருக்கு ஒரு பாடம். உள்ளே தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகம், தேர்வில் தலா 35 மதிப்பெண். கணிதத்தில் தடுமாறும் பிள்ளை அதற்கே தினமும் இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டு உயிரியலைக் கோட்டை விடும். கடைசியில் இரண்டும் அரைகுறை.

ஆகவே கணிதத்தைச் சோதித்துப் பார்த்து முடிவெடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் மட்டும் 16 மதிப்பெண் இருக்கிறது. பழகிய கை அதை அப்படியே எடுத்துவிடும், ஆனால் பிளஸ் 1 கணிதத்துக்கு அது உதவாது. இருபடிச் சமன்பாட்டில் ஐந்து, முக்கோணவியல் முற்றொருமையில் ஐந்து, அவள் முன்பு போடாத கணக்காகக் கொடுங்கள். ஆறேழு கணக்கைத் தானே முட்டி மோதி முடித்தால் ஃபர்ஸ்ட் குரூப் தாராளமாக எடுக்கலாம். விடைக்குறிப்பைப் பார்த்த பிறகும் அடுத்த கணக்கு நகரவில்லை, மனமும் மருத்துவத் துறைப் பக்கம்தான் என்றால் பியூர் சயின்ஸ் (இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்) நல்ல முடிவு. நர்சிங், பிசியோதெரபி, வேளாண்மை என்று நல்ல படிப்புகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்கு நீட் கூடக் கிடையாது. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை.

வணிகவியல் பக்கம் போவதானால் ஒன்றே ஒன்று: நான்காவது பாடம் வணிகக் கணிதமாக இருந்தால், கணிதம் கேட்கும் பி.சி.ஏ. கல்லூரிகளிலும் சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வின் கணிதத் தாளிலும் கைகொடுக்கும்.

குரூப் முடிவான பிறகு பெரும்பாலானோர் சறுக்குவது பிளஸ் 1-இல்தான். பதினொன்றாம் வகுப்பை ஒப்புக்கு நடத்திவிட்டு ஜூலையிலேயே பன்னிரண்டாம் பாடத்தைத் தொடங்கும் பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18-இல் பிளஸ் 1 பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான், ஆனால் பாடத்தைக் கவனிக்கும் பொறுப்பு இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. நீட் வினாக்கள் 180-இல் ஏறக்குறைய பாதி பிளஸ் 1 பாடத்திலிருந்து வருபவை. பொதுத்தேர்வை மட்டும் பார்த்தாலும் இதே நிலைதான்: வகையிடலும் தொகையிடலும் பிளஸ் 1 கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. அதைத் தாண்டிக் குதித்தவர், பிளஸ் 2-வில் வகை நுண்கணிதப் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று மூன்று பாடத்தில் வரிசையாக விழுவார். இயற்பியலின் முதல் பாடமான நிலைமின்னியலுக்கே வெக்டரும் தொகையிடலும் தேவை.

எனவே பிளஸ் 1 முழுக்கப் பிளஸ் 1 புத்தகம் மட்டும். ஒவ்வொரு பாட முடிவிலும் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களை அதே வாரம் போட்டுவிட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றால் குவிந்துவிடும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வரும் கோடை விடுமுறையை நுண்கணிதம், வெக்டர், மோல் கணக்குகளைத் திரும்பப் போட ஒதுக்குங்கள். அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறைப் பதிவேட்டைச் சோதனை செய்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்கினால், பிளஸ் 2-வில் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவுகள் ரெக்கார்டு எழுதுவதில் வீணாகாது.

சேரும் நாளில் பயிற்று மொழியும் குரூப்பும் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு) பதிவில் சரியாக ஏறியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். முதல் மாதத் தேர்வில் கணிதம் கைவிட்டால் உடனே தலைமையாசிரியரைப் பார்த்துக் குரூப் மாற்றம் கேளுங்கள். காலாண்டு வரை காத்திருந்தால், மாற்றம் கிடைத்தாலும் புதுப் பாடத்தில் மூன்று மாதப் பகுதி பாக்கி நிற்கும்.