நாடகம் தேடும் தம்பிக்கு

தம்பி, இங்கிலாந்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, நாடக ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது, ஜி.சி.எஸ்.இ. என்ற பதினாறு வயதுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல பண்பாடுகளைச் சேர்ந்த நாடகங்களைத் தேடிக் கொண்டுவரச் சொல்கிறார்கள், எங்கே தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டு வாடகை, கார் லைசென்ஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல நூறு பேர் வருவார்கள். நான் நாடகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் 2004 அப்படியே கண் முன்னால் வந்துவிட்டது.

லெஸ்டரில் முதல் வேலை. சேர்ந்து சில வாரத்தில் தீபாவளி. துறைத் தலைவி ஒரு தாளை நீட்டி, "இது உங்கள் பண்டிகை, நீங்களே செய்துவிடுங்கள்" என்றார். ராமரும் சீதையும் அயோத்தி திரும்புகிற பத்து நிமிட நாடகம். நான் வளர்ந்த வீட்டில் தீபாவளி என்றால் நரகாசுரன். அதைச் சொல்லக்கூட எனக்கு அன்று தைரியம் வரவில்லை. ஐந்து வருடம் அதே தாள், அதே காகிதக் கிரீடம். ஷேக்ஸ்பியரும் பிரெக்டும் படித்துவிட்டு வந்தவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாமலே போயிற்று. அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: உங்களை 'கலாச்சாரத்துக்கான ஆள்' என்று ஓரம் கட்ட விடாதீர்கள். பல பண்பாட்டு நாடகம் தேடுவது அந்தத் துறையில் உள்ள எல்லாருடைய வேலையும்தான் என்று முதல் கூட்டத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் எடுபடாது.

அடுத்தது, பட்டியல்கள். 'பல பண்பாடு' என்று தலைப்புப் போட்டு வரும் பட்டியல்களில் நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் துன்பப்படத்தான் மேடைக்கு வருகிறார்கள். கட்டாயக் கல்யாணம், அகதி முகாம், போலீஸ் சந்தேகப்படும் பையன். அவையும் உண்மைதான், எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் வருடா வருடம் அதையே எடுத்தால், வகுப்பில் இருக்கிற சோமாலியப் பெண்ணுக்கு அழுகிற வேடம் தவிர வேறு கிடைக்காது. நான் ஒரு நாடகத்தைக் கையில் எடுத்தால் இதைத்தான் பார்ப்பேன்: இந்த ஆள் ஒரு தடவையாவது ஆசைப்படுகிறானா, தப்புச் செய்கிறானா, அடுத்தவனைக் கேலி செய்கிறானா? இல்லையென்றால் மூடி வைத்துவிடுவேன்.

கிரிஷ் கர்னாடின் ஹயவதனாவைப் பாருங்கள். 1971இல் வந்த கன்னட நாடகம், ஆங்கிலத்தில் அவரே எழுதித் தந்திருக்கிறார். இரண்டு நண்பர்களின் தலை மாறிப் போகிறது. முகமூடி, பேசும் பொம்மை, கதை சொல்லும் பாகவதர், கையால் பிடிக்கிற திரை எல்லாம் உண்டு. நம் தெருக்கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் வேடம் ஆடிக்கொண்டு வருமே, அது தெரிந்த உங்களுக்கு இதை எடுத்துச் சொல்ல யாருடைய உதவியும் வேண்டாம். என் பிள்ளைகள் ஒரு பழைய படுக்கை விரிப்பில் தீ நாக்கு வரைந்து இரண்டு பக்கமும் பிடித்தார்கள். அந்த ஒரு துணியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உழைத்தோம். காமம் பேசுகிற நாடகம், அதனால் நீங்கள் முழுதாகப் படித்து, தலைமை ஆசிரியரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குச் சென்னையின் அனுபமா சந்திரசேகர் எழுதிய 'ஃப்ரீ அவுட்கோயிங்'. 2007இல் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் வந்தது. ஒரு பள்ளி மாணவியின் அந்தரங்க வீடியோ ஊரெல்லாம் பரவுகிறது, ஆனால் அந்தப் பெண் மேடைக்கே வருவதில்லை. எல்லாவற்றையும் அம்மாதான் தாங்குகிறாள். செல்போன் வைத்திருக்கிற எந்தப் பிள்ளைக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. தாகூரின் 'தபால் நிலையம்' சின்ன வகுப்புக்கு நன்றாக வரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நோயாளிச் சிறுவன். 1942 ஜூலையில், போலந்தில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவில், யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் தன் அநாதை இல்லப் பிள்ளைகளை வைத்து அதை நடத்தினார். அடுத்த மாதமே அவரையும் பிள்ளைகளையும் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வங்காள நாடகம் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

இங்கேயே எழுதியவை வேண்டுமென்றால் தாரா ஆர்ட்ஸ் (இப்போது தாரா தியேட்டர்), தலாவா, தமாஷா, காளி ஆகிய ஆசிய, கறுப்பின நாடகக் குழுக்கள் இதுவரை மேடையேற்றியவற்றை ஆரம்பத்திலிருந்து பாருங்கள். தாரா 1977இல் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் சவுத்ஹாலில் குர்தீப் சிங் சக்கர் என்ற இளைஞன் இனவெறித் தாக்குதலில் கொல்லப்பட்டதுதான் காரணம். நேஷனல் தியேட்டரின் கனெக்‌ஷன்ஸ் என்ற திட்டம் 1995இலிருந்து இளைஞர்களுக்கென்றே நாடகம் எழுத வைக்கிறது. உங்கள் நூலகத்தில் அந்தத் தொகுப்புகள் இருக்கும்.

சரி, இப்போது எனக்குக் கண்ணீர் வந்த விஷயத்துக்கு வருகிறேன். நாடகம் போடுவதற்கான லைசென்ஸ். வந்த இரண்டாம் வருடம் ஒரு புது நாடகத்தை எடுத்து ஆறு வாரம் ஒத்திகை பார்த்தோம். பள்ளி நாடகம்தானே, யாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்று நாள் இருக்கும்போது நிர்வாகம் நிறுத்திவிட்டது. பிள்ளைகளிடம் போய்ச் சொன்னது நான்தான். இங்கே 1988 காப்புரிமைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பள்ளி வேலையின் பகுதியாக, ஆசிரியரும் மாணவரும் பள்ளி வேலையோடு நேரடித் தொடர்புள்ளவரும் மட்டும் பார்க்க, ஆசிரியரோ மாணவரோ நடத்தினால் அது பொது நிகழ்ச்சி இல்லை என்கிறது. ஆனால் பிள்ளையைப் பெற்றவர் என்பதற்காக மட்டும் ஒருவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஆகவே அம்மா அப்பா வந்து உட்கார்ந்தால், டிக்கெட் போடாவிட்டாலும் அனுமதி வேண்டும். அப்புறம், தாகூர் 1941இல் காலமானார், எழுபது வருடம் ஆகிவிட்டது, உரிமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. நடிகர் தேர்வுக்கு முன்னாலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எந்த நாட்டு நாடகமோ அந்த நாட்டுப் பிள்ளை பக்கம் திரும்பி, "உங்கள் ஊரில் இப்படித்தானா?" என்று கேட்காதீர்கள். அவன் பர்மிங்ஹாமில் பிறந்தவனாக இருப்பான். யாரும் எந்த வேடமும் போடட்டும், ஆனால் முகத்துக்கு நிறம் பூசக் கூடாது, பேச்சைக் கேலியாக இழுக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பு.

நம் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடம் தேர்ந்தெடுக்கும் வருடத்தில் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்கு வருவார்கள். "டிராமாவை விடச் சொல்லுங்கள் டீச்சர், கம்ப்யூட்டர் எடுக்கட்டும்" என்று தமிழில் மெதுவாகச் சொல்வார்கள். பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். இருபது வருடமாக இதே பேச்சு. எனக்கு இன்னும் கோபம் வருகிறது. தமிழர் என்பதற்காக நீங்கள் தலையாட்டாதீர்கள், அந்தப் பிள்ளை மேடையில் என்ன செய்தது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன் சுதா புச்சரின் 'சைல்ட் ஆஃப் த டிவைட்' எடுத்தோம். பீஷ்ம சாஹ்னியின் கதையிலிருந்து தமாஷாவுக்காக 2006இல் எழுதப்பட்டது. இந்தியப் பிரிவினையின்போது கூட்ட நெரிசலில் பாலி என்ற சிறுவனின் விரல் அப்பா கையிலிருந்து நழுவிவிடுகிறது. பாலி வேடத்துக்கு வந்தவன் போலந்திலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆன பையன். ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்ந்தாற்போல் பேசமாட்டான். ஒத்திகையில் கை நழுவுகிற இடம் வந்தது. அவன் விடவே இல்லை. அப்பாவாக நடித்தவன் உதறி இழுத்தபோது "டாட்டா!" என்று கத்திவிட்டான். அவர்கள் மொழியில் அப்பா. அவன் அப்பா போலந்திலேயே தங்கிவிட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். உரிமம் வாங்கிய நாடகத்தில் கேட்காமல் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொன்னேன். நிகழ்ச்சியன்று அவன் நாடகத்தில் இருந்ததை இருந்தபடியே சொன்னான். ஆனால் விரல் நழுவுகிற இடத்தில் அவன் உதடு அசைந்தது. நான் பக்கத் திரை ஓரம் நின்றிருந்தேன், பார்த்தேன்.