பழைய பீங்கான் தொழிற்சாலை அருங்காட்சியகத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் போகும்போது, லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் மட்பாண்ட அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஒதுக்குங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பைகளை வரிசையாக வைத்துக் காட்டும் இடம் மட்டுமல்ல அது. விக்டோரியா காலத் தொழிற்சாலையே நிற்கிறது, பாட்டில் வடிவச் சூளைகளோடு. வெளியே தெரியும் அந்தப் பாட்டில் வெறும் புகைக்கூண்டுதான். உண்மையான சூளை அதற்குள் தனியாக இருக்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்.

தீயும் கரிப்புகையும் நேரே பட்டால் பாண்டம் கெட்டுவிடும். அதனால் 'சாகர்' என்ற சுடுமண் பெட்டிகளில் வைத்துத்தான் சுட்டார்கள். கனமான அந்தப் பெட்டிகளைத் தலையில் சுமந்து, ஏணியேறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பெட்டியின் அடித்தட்டுக்குக் களிமண்ணைத் தட்டித் தட்டிப் பரப்புவதற்கென்றே ஓர் ஆள், பெரும்பாலும் சிறுவன்!

1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரிச் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மின்சாரமும் எரிவாயுவும் அந்த இடத்தைப் பிடித்தன.

கழிப்பறைப் பீங்கானுக்கும் தனிக்கூடம் உண்டு. சிரிக்காதீர்கள், அதைத் தவறவிடவும் வேண்டாம். வேலை நாட்களையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.